பழைய ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ஸ்லிப் ஆகிறதா? வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள். இன்ஜின் உறுமுகிறது, ஆர்.பி.எம். முள் சரசரவென்று ஏறுகிறது, வண்டி மட்டும் இருந்த வேகத்திலேயே போகிறது. ஒரு நொடி கழித்து, பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல ஒரு குலுக்கலோடு கியர் பிடிக்கிறது. இதைத்தான் ‘ஸ்லிப் ஆகுது’ என்கிறோம். பழைய வண்டியில் இது வந்தால் அடுத்து காதில் விழும் வாசகமும் தெரிந்ததுதான்: ‘கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கிப் பிரிக்கணும்.’

சில நேரம் அது உண்மை. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். என் பழைய செடான் இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போதெல்லாம் வெறுமனே ரேஸ் ஆகும். ஒரு வொர்க்‌ஷாப்பில் ஓட்டிக்கூடப் பார்க்காமல் ஓவர்ஹால் என்று முடிவு கட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து ஏர் ஃபில்டரை மாற்ற பானட்டைத் திறந்தபோதுதான் பார்த்தேன்: த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளின் உறை, பிடியிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உட்கார வைத்து நட்டைச் சரிசெய்தேன். ஸ்லிப் நின்றுவிட்டது.

எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. ஆனால் ‘ஸ்லிப் ஆகுது’ என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் சொல்ல முடியாது. எந்த கியரில், எவ்வளவு மிதிக்கும்போது, சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி நோய் தெரிந்துவிடும். அந்தப் பதில்களை வீட்டிலேயே எடுத்துவிடலாம்.

இங்கே சொல்வது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக்குக்கு. சி.வி.டி., ஏ.எம்.டி., இரட்டை கிளட்ச் வகைகளுக்கு ஆயில், வயரிங், ஸ்கேனர் பகுதிகள் ஓரளவு பொருந்தும், மற்றவை பொருந்தாது.

உள்ளே என்னதான் வழுக்குகிறது?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டேதான் இருக்கும். எந்தப் பாகம் சுழல வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதைக் கிளட்ச் தட்டுகளும் பேண்ட் எனும் பட்டைகளும் பிடித்துத் தீர்மானிக்கின்றன. அவற்றை அழுத்திப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். ஆக, ஸ்லிப்புக்கு அடிப்படையில் இரண்டே காரணம்தான்: பிடிக்கும் அழுத்தம் போதவில்லை, அல்லது பிடிக்கும் பரப்பு தேய்ந்துவிட்டது. அழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்றால் பெரும்பாலும் வெளியிலிருந்தே சரிசெய்யலாம். ஆனால் குறைந்த அழுத்தத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் அதுவே பரப்பைக் கருக்கிவிடும். அதனால்தான் ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாத கோளாறு இது.

1. முதலில், இது ஸ்லிப்தானா?

ஸ்லிப் மாதிரி வேஷம் போடும் கோளாறுகள் நிறைய. இன்ஜின் மிஸ் அடித்தாலும் பிக்கப் இருக்காது; ஆனால் அப்போது ஆர்.பி.எம். ஏறாது. இதுதான் முக்கியமான வித்தியாசம். பழைய பின்சக்கர இழுவை வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனின் விஸ்கஸ் கிளட்ச் பிடித்துக்கொண்டால் இன்ஜின் ரேஸ் ஆவதுபோலவே இரைச்சல் வரும், முள் அசையாது. முன்சக்கர இழுவையில் டிரைவ் ஷாஃப்ட் உள்முனை கழன்றிருந்தாலோ, பல் தேய்ந்திருந்தாலோ கியர் போட்டும் வண்டி நகராது, குறைசொல்லப்படுவதோ கியர்பாக்ஸ். நான்கு சக்கர இழுவை வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் நியூட்ரலில் நின்றிருந்து, ஆளை வரவழைத்த கதையும் உண்டு.

இன்னொரு குழப்பத்தைக் கணக்குப் போட்டே தீர்க்கலாம். டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர், அதாவது சக்கரம் 500 சுற்று. டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்றால் கியர்பாக்ஸின் வெளித்தண்டு 2050 சுற்று. மூன்றாவது கியர் 1.00 விகிதம் உள்ளதென்றால் இன்ஜினும் 2050. நான்காவது 0.70 என்றால் 1435. கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் (இன்ஜினோடு நேராகப் பூட்டிக்கொள்ளாமல்) இருந்தால் இதற்கு மேல் ஒரு 100 முதல் 300 வரை கூடலாம்; மேட்டில் இன்னும் கூடும். உங்கள் வண்டியின் விகிதங்கள் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

சமதளத்தில் 60-இல் ஓடும்போது முள் 2100 பக்கத்தில் அசையாமல் நின்றால் அது ஸ்லிப் இல்லை. வண்டி நான்காவது கியருக்குப் போகவே இல்லை. ஓவர்டிரைவ் (இங்கே நான்காவது கியர்) பட்டன் அணைந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் திறந்தே நின்று இன்ஜின் சூடேறாமல் இருந்தாலும் பல வண்டிகள் ஓவர்டிரைவைக் கொடுக்காது. அதே வேகத்தில் முள் 1700, 2300, 1900 என்று அலைந்தால்தான் ஸ்லிப். முள் ஓரிடத்தில் நின்றால் ஏதோ ஒரு கியர் பிடித்திருக்கிறது. அலைந்தால் எதுவோ பிடிக்காமல் வழுக்குகிறது.

2. ஆயில்

அவசரப்பட்டுத் தாண்டிப் போகிற படி இதுதான். நான் இதற்கு அரை நாள்கூடக் கொடுப்பேன்.

வண்டியை 15–20 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூன்று நொடி நிறுத்தி எல்லா இடத்துக்கும் கொண்டுபோய் மீண்டும் ‘பி’-க்கு வாருங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸ் ஆயிலின் டிப்ஸ்டிக்கை (அளவுக் குச்சியை) எடுத்துத் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு இதுதான் முறை. விலக்குகள் உண்டு: ஹோண்டா வண்டிகள் பலவற்றில் இன்ஜினை அணைத்துப் பார்க்க வேண்டும், கிரைஸ்லர் வண்டிகள் சிலவற்றில் நியூட்ரலில். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளில், ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அடியிலுள்ள அளவு பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். வண்டியைச் சமமாகத் தூக்க வசதியில்லையென்றால் அதை மட்டும் வெளியே செய்துகொள்ளுங்கள்.

அளவு குறைவாக இருந்தால் திருப்பத்தில், திடீர் பிரேக்கில், மேட்டில் முதலில் ஸ்லிப் வரும். ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சுவதே காரணம். அளவு மிஞ்சினாலும் இதே கதிதான். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் கொடுக்கத் தெம்பு கிடையாது. குறைந்திருந்தால் 250 மில்லிக்கு மேல் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். ஊற்றி, கியர்களை மாற்றி, மறுபடி பார்த்து, அப்புறம் அடுத்த 250.

இந்த ஆயில் இன்ஜின் ஆயில் மாதிரி எரிந்து குறைவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. இரவு வண்டிக்கடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்தால் காலையில் துளி எங்கே விழுந்தது என்று தெரியும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடம் என்றால் பம்ப் சீல். ஓரங்களில் என்றால் ஆக்ஸில் சீல். முன்னால் ரேடியேட்டர் பக்கம் என்றால் கூலர் குழாய்.

அளவு பார்த்தாயிற்று. இப்போது டிப்ஸ்டிக் நுனியிலிருந்து இரண்டு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். நல்ல ஆயில் இளஞ்சிவப்பாக அகலமாகப் பரவும். பழசானது பழுப்பாகப் பரவும். அது மட்டுமே கவலைக்குரியதல்ல. நடுவில் கறுத்த வட்டமாகத் தேங்கி, உள்ளே மிளகுத்தூள் தூவியதுபோல் துகள் நின்றால் கிளட்ச் தேய்ந்து ஆயிலில் கலந்திருக்கிறது. மோந்து பாருங்கள். சட்டியில் அடிப்பிடித்த தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் கருகியிருக்கிறது. ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் மாதிரி இளஞ்சிவப்பாகக் கலங்கி இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்: ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. அது கிளட்ச் தட்டில் ஒட்டிய பரப்பைப் பசையோடு கரைத்துவிடும்.

ஆயில் வகையிலும் கோட்டை விடக் கூடாது. டெக்ஸ்ரான், மெர்கான், ஏ.டி.எஃப்.+4, டொயோட்டா டபிள்யூ.எஸ்., ஹோண்டா டி.டபிள்யூ.-1 எல்லாம் பார்க்க ஒரே நிறம்தான், உராய்வுக் குணம் வேறு வேறு. கடைசியாக யாராவது எதையாவது ஊற்றிய பிறகுதான் ஸ்லிப் தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள்.

3. வெளியில் இருக்கும் சில்லறைச் சாமான்கள்

கியர்பாக்ஸைத் தொடாமல் பார்க்க வேண்டியவை நான்கு.

த்ராட்டில் கேபிள்: எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைக் கியர்பாக்ஸுக்குச் சொல்வது இதுதான். தளர்ந்திருந்தால் ‘மெதுவாகத்தான் போகிறார்’ என்று நினைத்துக் கியர்பாக்ஸ் அழுத்தத்தைக் குறைத்துவிடும். கியர் சீக்கிரம் சீக்கிரமாக மாறும், வழுக்கும். ஜி.எம்.-இன் 700ஆர்4 கியர்பாக்ஸில் இந்தக் கேபிள் தவறாக இருந்தால் கிளட்ச் விரைவில் கருகிவிடும் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்க, மற்றவர் பானட்டுக்குள் கேபிள் முழு நீளத்துக்கு இழுபடுகிறதா என்று பார்க்கட்டும்.

வேக்குவம் மாடுலேட்டர்: ஜி.எம். டி.எச்.350, ஃபோர்டு சி6 போன்ற இன்னும் பழைய கியர்பாக்ஸ்களில் கேபிளுக்குப் பதில் இருக்கும் சின்ன டப்பா. அதன் ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. கசிவே தெரியாமல் ஆயில் குறைந்து, சைலன்ஸரில் வெண்புகை வரும் வண்டிகளில் இதுதான் திருடன். இன்ஜின் அந்த ஆயிலைக் குடித்துக்கொண்டிருக்கும்.

ஷிஃப்ட் லீவர் இணைப்பு: லீவர் ‘டி’-யில் இருந்தாலும் கியர்பாக்ஸ் பக்கத்துக் கை சரியான குழியில் உட்காராமல் இருக்கலாம். லீவரை லேசாக முன்னும் பின்னும் ஆட்டும்போது ஸ்லிப் போகிறது, வருகிறது என்றால் புஷ் தேய்ந்திருக்கிறது.

வயரிங்: பேட்டரி முனை, எர்த் வயர், கியர்பாக்ஸ் கனெக்டர். கனெக்டரைக் கழற்றும்போது ஆயிலோ பச்சைத் துருவோ இருந்தால் துடைத்துச் சுத்தம் செய்து மாட்டிய பிறகே மற்றதை யோசியுங்கள்.

4. நின்ற இடத்தில் ஒரு பரிசோதனை

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். சூடான வண்டி, ஐடில், ஏ.சி. அணைந்திருக்க வேண்டும். பிரேக்கை அழுத்தியபடி ‘என்’-இலிருந்து ‘டி’-க்குப் போடுங்கள். லீவர் நகர்ந்த கணத்திலிருந்து வண்டி ‘திக்’கென்று முட்டும் கணம் வரை செல்போனில் நேரம் எடுங்கள். ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மூன்று தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். ‘ஆர்’-க்கும் இதே மாதிரி.

டொயோட்டா மேனுவல்கள் பலவற்றில் ‘டி’-க்கு 1.2 நொடிக்குள், ‘ஆர்’-க்கு 1.5 நொடிக்குள் என்று அளவு இருக்கும். மற்ற வண்டிகளுக்கும் இதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே தாமதம் என்றால் பொதுவான அழுத்தக் குறைவு: ஆயில், ஃபில்டர், பம்ப், கேபிள். ஒன்றில் மட்டும் தாமதம் என்றால் அந்தப் பக்கத்துக் கிளட்ச் அல்லது அதன் சீல்.

பிரேக்கை மிதித்து ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்திப் பார்க்கும் ஸ்டால் டெஸ்ட் என்றும் ஒன்று உண்டு. மேனுவல்களே 5 நொடிக்கு மேல் கூடாது என்று எச்சரிக்கும். ஏற்கெனவே வழுக்கும் பழைய கிளட்சை அந்தச் சூட்டில் போட்டு வதக்கிக் கிடைக்கும் தகவல், ரோட்டில் ஓட்டிப் பார்த்தாலும் கிடைக்கிறது. நான் செய்வதில்லை.

5. ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்

நெரிசல் இல்லாத சாலை வேண்டும். பக்கத்தில் ஒருவர் தாளும் பேனாவுமாக உட்காரட்டும். ஓட்டுபவர் எழுதக் கூடாது. காலையில் குளிர்ந்த வண்டியோடு ஒரு சுற்று, அரை மணி நேரம் கழித்துச் சூடான வண்டியோடு அதே சாலையில் இன்னொரு சுற்று. ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் வேகம், ஆர்.பி.எம்., எவ்வளவு மிதித்தது என்ற மூன்றும் தாளில் வரட்டும். லேசாக மிதித்து ஒரு முறை, பாதி மிதித்து ஒரு முறை போதும். முழுதாக மிதிக்க வேண்டாம்.

அந்தத் தாளைப் படிக்கும் விதம் இது.

ரிவர்ஸ் உட்பட எல்லா கியரிலும் வழுக்கினால் ஒரே நேரத்தில் எல்லா கிளட்சும் கெட்டுப்போக வாய்ப்பு குறைவு. எல்லாவற்றுக்கும் பொதுவான பம்ப், ஃபில்டர், ஆயில், அழுத்தக் கட்டுப்பாடு ஆகியவற்றில் தேட வேண்டும். முன்னோக்கிய கியர்கள் எல்லாம் வழுக்கி ரிவர்ஸ் மட்டும் நன்றாக இருந்தால் ஃபார்வர்ட் கிளட்ச்.

‘டி’-யில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் வழுக்குகிறதா? லீவரை ‘எல்’-இல் (முதல் கியரிலேயே வைத்திருக்கும் நிலை) போட்டுக் கிளம்புங்கள். அதில் ஜம்மென்று இழுத்தால், ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் ஒன்வே கிளட்ச் தேய்ந்திருக்கிறது. பல கியர்பாக்ஸ்களில் ‘டி’-யின் முதல் கியரைத் தாங்குவது அதுதான். ‘எல்’-இல் கூடுதலாக இன்னொரு பிடி சேர்ந்துகொள்ளும். அந்தக் கூடுதல் பிடிதான் பெரும்பாலும் ரிவர்ஸுக்கும் வேலை செய்கிறது. ஆகவே ரிவர்ஸ் வழுக்குகிறது, ‘எல்’-இல் 20 கி.மீ. வேகத்தில் காலை எடுத்தால் இன்ஜின் பிடித்து இழுக்கவும் இல்லை என்றால் குற்றவாளி அதுவே.

குறிப்பிட்ட கியர்களில் மட்டும் வழுக்கினால் உங்கள் கியர்பாக்ஸின் பெயரைக் கண்டுபிடித்து, எந்த கியருக்கு எந்த கிளட்ச் என்ற அட்டவணையைப் பாருங்கள். ஒரு உதாரணம்: ஜி.எம்.-இன் 4எல்60இ. அதில் ஒரே பேண்ட் 2, 4 ஆகிய கியர்களைப் பிடிக்கிறது. ஒரு கிளட்ச் 3, 4 கியர்களை. 1-உம் 3-உம் நன்றாக இருந்து 2-உம் 4-உம் வழுக்கினால் பேண்ட் பக்கம். 1, 2 நன்றாக இருந்து 3-இலிருந்து மேலே எல்லாம் வழுக்கினால் 3-4 கிளட்ச். பிரிக்காமலே இவ்வளவு சொல்லிவிடலாம்.

குளிரில் மட்டும் வழுக்கி, சூடேறியதும் சரியானால் பிஸ்டன்களின் ரப்பர் சீல்கள் இறுகிவிட்டன. சூட்டில் கொஞ்சம் இளகி அடைத்துக்கொள்கின்றன. சூட்டில் மட்டும் வழுக்கினால் ஆயில் நீர்த்து எங்கோ அழுத்தம் கசிகிறது: தேய்ந்த பம்ப், வால்வ் பாடி (ஆயிலைக் கிளட்சுகளுக்குத் திருப்பிவிடும் பகுதி), கிளட்ச். இன்னும் விசித்திரமான ஒன்று உண்டு. கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, வேகம் எடுக்கும்போது விசில் போன்ற இரைச்சலோடு வழுக்கும். ஓரமாக நிறுத்தி அணைத்துப் பத்து நிமிடம் விட்டால் மறுபடி நன்றாக ஓடும். ஃபில்டர் அடைப்பை முதலில் சந்தேகிக்க வேண்டும். பம்ப் நின்றதும் ஃபில்டரில் அப்பிய அழுக்கு கீழே விழுந்துவிடுகிறது, அதனால்தான் அந்தத் தற்காலிக நிம்மதி.

நிலையான வேகத்தில், கரடுமுரடான சாலையில் போவதுபோல உடம்பெல்லாம் கிடுகிடுவென்று வந்தால், ஆக்ஸிலேட்டரை எடுக்காமல் இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். கன்வெர்ட்டரின் லாக்-அப் விடுபடும். கிடுகிடுப்பு சட்டென்று நின்றால் பிரச்சினை லாக்-அப் கிளட்சில். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக் பக்கம் போய்ப் பாருங்கள்.

6. ஸ்கேனர்

மின்னணுக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் மட்டும். அமெரிக்காவில் 1996-இலிருந்து எல்லா புதிய கார்களிலும் ஓ.பி.டி.-2 (ஸ்கேனர் மாட்டும் பொது இணைப்பு முறை) கட்டாயம், மற்ற இடங்களில் பிறகு வந்தது. அதற்கு முந்திய வண்டிகள் சிலவற்றில் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு மினுக்கியே சங்கேதம் சொல்லும்.

பி0700 என்று மட்டும் வந்தால் ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைக் கேள்’ என்றுதான் அர்த்தம். மலிவான ஸ்கேனர்கள் இத்தோடு நின்றுவிடும். பி0730 முதல் பி0736 வரை: கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது நீங்கள் தாளில் போட்ட கணக்கையே கம்ப்யூட்டரும் போட்டிருக்கிறது. பி0741: லாக்-அப் பிடிக்கவில்லை. பி0750, பி0755: ஷிஃப்ட் சோலனாய்டு (கியர் மாற்ற ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வ்). பி0715, பி0720: வேக சென்சார்கள். சென்சார் கோட் வந்தால் மகிழ்ச்சியடையுங்கள். பல வண்டிகளில் அது வெளியிலிருந்து ஒரு போல்ட்டில் கழன்று வந்துவிடும். சோலனாய்டு கோட் வந்தால் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஆன்-ஆஃப் வகை சோலனாய்டு பல டொயோட்டா கியர்பாக்ஸ்களில் 11 முதல் 15 ஓம் காட்ட வேண்டும். உங்கள் வண்டிக்கு மேனுவலைப் பாருங்கள்.

கோட் எதுவும் இல்லை என்பதால் கியர்பாக்ஸ் நல்லது என்று ஆகிவிடாது. வழுக்கல் ஓரளவு பெரிதானால்தான் கம்ப்யூட்டர் வாய் திறக்கும்.

7. அடியிலுள்ள ஆயில் பேனை, அதாவது ஆயில் தேங்கும் தட்டை, கழற்றுவது

இதுவரை எதிலும் விடை கிடைக்கவில்லை என்றால் இது. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். ஓடி நின்ற ஆயில் தோலை வெந்துவிடச் செய்யும், ஒரு மணி நேரமாவது ஆறட்டும். டிரெய்ன் பிளக் இல்லாத பேன் என்றால் ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை மட்டும் முழுதாகக் கழற்றி மெல்லச் சாய்த்து வடியுங்கள்.

பேனின் மூலையில் காந்தம் இருக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை இருப்பது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். விரலிடையில் தேய்க்கும்போது நறநறவென்று துகள் தட்டினால், ஊசி போன்ற இரும்புச் சீவல் இருந்தால் பற்சக்கரமோ பேரிங்கோ உடைகிறது. மஞ்சள் மினுமினுப்பு என்றால் புஷ். பேனின் அடியில் கறுப்புச் சேறும் தட்டுத் துணுக்குகளும் என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், புதிய ஆயிலுக்குச் செலவழிக்காதீர்கள்.

சுத்தமாக இருந்தால் ஃபில்டர், கேஸ்கெட் மாற்றி மூடுங்கள். பேன் போல்ட்டுகளை பலத்தைக் காட்டி இறுக்கக் கூடாது. 7 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் பல வண்டிகளில் அளவு. அதிகம் இறுக்கினால் பேன் வளைந்து அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கசியும். வடிந்த ஆயிலை அளந்து, அதே அளவை ஊற்றி, மறுபடி டிப்ஸ்டிக் பரிசோதனை. கன்வெர்ட்டருக்குள் நிறைய பழைய ஆயில் தங்கியிருக்கும் என்பதால் சில நூறு கிலோமீட்டர் கழித்து இதையே திரும்பச் செய்வது நல்லது.

ஆயில் மாற்றினால் பழைய கியர்பாக்ஸ் செத்துவிடும் என்று சொல்வார்கள். தீய்ந்த ஆயில் உள்ள கியர்பாக்ஸ் ஏற்கெனவே பாதி செத்ததுதான்; பழி கடைசியாகத் தொட்டவர்மேல் விழுகிறது. ஆனாலும் அப்படிப்பட்ட வண்டிக்கு மெஷின் வைத்து அழுத்திக் கழுவும் ஃப்ளஷ் வேண்டாம் என்பதே என் கருத்து. டப்பாவில் வரும் ‘ஸ்லிப் நிறுத்தும்’ திரவங்கள் இறுகிய சீலைச் சில வாரம் இளக்கலாம். தேய்ந்த தட்டை அவை வளர்த்துத் தரப்போவதில்லை.

வெளியே கொடுக்கும்போது

எழுதிய தாள், டிஷ்யூ பேப்பர், காந்தத்தின் போட்டோ, கோட் எண்கள் எல்லாவற்றையும் கையில் கொடுங்கள். ஓவர்ஹால் என்று சொன்னால் லைன் பிரஷர் (கியர்பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தம்) எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள். கேஜ் மாட்டி அளந்தவர் எண்ணைச் சொல்வார்.

வண்டி நகரவே மறுத்தால் கட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸ் பம்பும் ஓடாது; சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே ஆயில் போகாமல் காய்ந்து தேயும். இழுவைச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியோ, முழு வண்டியையும் லாரி மேல் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.